டின் மாவா, விட்டமினா, லேகியமா, மீனா? எச்.ஐ.வி உள்ளவரின் மாதக் காசு எதில் போகவேண்டும்

எச்.ஐ.வி குளிசைக்கு இலங்கையில் காசு கட்டத் தேவையில்லை. அரச கிளினிக்கில் எடுத்தால் இலவசம், யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். காசு கரைவது வேறு இடத்தில். "உடம்பைத் தேத்த வேணும்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அடுத்த நாளே பாமசியில் ஒரு டின்னோ விட்டமின் போத்தலோ வாங்கியாகிவிடும். கூலி வேலைக்குப் போகிறவருக்கும் சரி, வெளிநாட்டில் இருக்கும் சகோதரம் அனுப்புகிற காசில் ஓடுகிற வீட்டுக்கும் சரி, அது சின்னச் செலவில்லை.

வழக்கமான சாப்பாட்டுச் செலவுக்கு மேலே மாதம் ஒரு தொகை ஒதுக்க முடிகிறது என்று வையுங்கள். அதை எதில் போடுவது? எங்கள் ஊரில் நாலு வழி இருக்கிறது: டின் மா, விட்டமின் குளிசை, 'எதிர்ப்புச் சக்தி' லேகியமும் கசாயமும், இல்லாவிட்டால் சந்தையில் கூடுதலாக மீனும் முட்டையும் தானியமும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிசையை ஒழுங்காக எடுத்து நிறை குறையாமல் இருப்பவருக்குச் சந்தைதான். டின் தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றியும் வரும்.

முதலில் உடம்புக்கு எவ்வளவு கூடுதலாக வேண்டும் என்று பார்க்கவேண்டும், ஏனென்றால் பலர் நினைப்பதைவிட அது குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், எச்.ஐ.வி இருந்தும் நோய்க்குறி எதுவும் இல்லாத வளர்ந்தவருக்குச் சக்தித் தேவை 10 வீதம்தான் கூடுகிறது. காய்ச்சல், காசநோய் மாதிரி இன்னொரு வருத்தம் சேர்ந்து, அதிலிருந்து தேறிவரும் காலத்தில் 20 முதல் 30 வீதம். புரதத்தை வழமையான பங்கைவிடக் கூட்டச் சொல்லி அந்தக் கணக்கில் இல்லை. 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு 10 வீதம் என்றால் 200 கலோரி. அது 35 கிராம் கச்சான், அதாவது நல்லூர்த் திருவிழாவில் கொறித்துக்கொண்டே நடக்கும்போது வீதி முடிவதற்குள் தீர்ந்துபோகிற ஒரு கைப்பிடி. (பூஞ்சணம் பிடித்த, கசக்கிற கச்சானை மட்டும் துப்பிவிடுங்கள். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலுக்குக் கூடாது.)

ஒரு கைப்பிடிக் கச்சானால் நிரம்பும் இடைவெளிக்குத்தான் பல வீடுகளில் மாதம் இரண்டு டின் வாங்குகிறார்கள்.

டின் மா

டின் என்றால் எல்லாம் ஒன்றல்ல. மோல்ட் வகை ஒன்று, தேத்தண்ணிக்குப் பதிலாகக் குடிப்பது. சாதாரண பால்மா இன்னொன்று. நோயாளிக்கென்றே செய்த முழுச் சத்து மா மூன்றாவது, விலை கூடியதும் அதுதான். அவசரத்தில் வாங்குகிறவர் படத்தைப் பார்த்து வாங்குகிறார். பின்பக்கத்துச் சின்ன எழுத்தை யாரும் வாசிப்பதில்லை.

மோல்ட் வகையில் 100 கிராமுக்குப் பொதுவாக 10 கிராம் அளவுதான் புரதம் இருக்கும், மிச்சத்தில் பெரும்பங்கு மாச்சத்தும் சீனியும். 400 கிராம் பெட்டி முழுவதையும் தீர்த்தாலும் கிடைப்பது ஏறக்குறைய 40 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது, ஆகவே ஒரு பெட்டி ஏழு முட்டைக்குச் சமம். கடைக்குப் போகும்போது இரண்டு விலையையும் கேட்டுப் பாருங்கள், இதற்கு மேல் நான் வாதாடத் தேவையில்லை. முழு ஆடைப் பால்மா அவ்வளவு மோசமில்லை. 100 கிராமில் 25 கிராம் அளவு புரதம் வருகிறது, கல்சியமும் உண்டு. பால் ஒத்துவரும் என்றால் காலைத் தேத்தண்ணியில் அதையே கொஞ்சம் தாராளமாகப் போடலாம்.

முழுச் சத்து மாவுக்கு உண்மையான வேலை உண்டு. வாயிலும் தொண்டையிலும் வெள்ளைப் படலம் படர்ந்து சோறு விழுங்க முடியாதவர், வயிற்றோட்டத்தால் சாப்பிட்டது தங்காதவர், எச்.ஐ.வி குளிசையைக் காசநோய்க் குளிசையோடு சேர்த்து எடுப்பதால் வாயில் எதுவும் வைக்கப் பிடிக்காதவர், உயரத்துக்கேற்ற நிறையைக் காட்டும் பிஎம்ஐ 18.5க்குக் கீழே போய்விட்டவர் ஆகியோருக்கு அது சாப்பாட்டின் இடத்தை நிரப்பும். அங்கே விலை பார்க்கக்கூடாது. ஆனால் அதையும் கிளினிக்கில் கேட்டு, இத்தனை கிழமைக்கு என்று எல்லை வைத்து எடுப்பதுதான் முறை.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இப்போதைய முதல் வரிசைக் குளிசையில் டொலுடெக்ரவிர் என்ற மருந்து இருக்கிறது. 2019 இல் உலக சுகாதார நிறுவனம் அதைத்தான் முதல் தெரிவாகப் பரிந்துரைத்தது. அதை எடுக்கத் தொடங்கிய பலருக்கு நிறை கூடுகிறது. நிறை கூடிக்கொண்டிருக்கும் ஒருவர், அதுவும் குடும்பத்தில் சலரோகம் இருப்பவர், 'தேற்றுவதற்கு' என்று காலையும் மாலையும் சீனி கலந்த மோல்ட் குடித்தால் ஒரு வருத்தத்தோடு இரண்டாவதையும் வீட்டுக்குள் அழைத்த மாதிரி.

டின்னுக்கு எதிராக நான் சொல்லும் கடைசிக் காரணம் சத்தைப் பற்றியதே அல்ல. கூட்டுக் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் என்று ஒரு பெட்டி குசினித் தட்டில் ஏறினால் அது பேசத் தொடங்கிவிடும். "தம்பி, உனக்கு மட்டும் ஏன் இந்தப் பெட்டி? என்னடா வருத்தம் உனக்கு?" என்று அம்மா கேட்பார். "ஒண்டுமில்லை அம்மா, வேலைக் களைப்பு" என்று ஒரு தரம் சொல்லலாம். மூன்றாவது மாதம் என்ன சொல்வது? தன் நிலையை வீட்டில் இன்னும் சொல்லாதவருக்கு இது உண்மையான பிரச்சினை. பெட்டியை அலுமாரிக்குள் ஒளித்து வைத்து இரவில் கரைத்துக் குடிக்கிற நிலை வந்தால், குடிக்கிறதில் சத்து இருந்தென்ன. அதே காசுக்கு வீட்டுக்கு மீன் வாங்கினால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

விட்டமின் குளிசை

எச்.ஐ.வி மருந்து கிடைக்காத காலத்தில் விட்டமின்களுக்கு ஓரளவு பயன் தெரிந்தது உண்மை. மருந்து வந்த பிறகு கதை மாறிவிட்டது. மருந்து தொடங்கும் ஆட்களிடையே கூடிய அளவு விட்டமினையும் சாதாரண அளவையும் ஒப்பிட்டுத் தன்சானியாவில் செய்த பெரிய ஆய்வு 2012 இல் வெளிவந்தது. கூடிய அளவால் மேலதிக நன்மை எதுவும் தெரியவில்லை. ஈரல் பாதிப்பைக் காட்டும் இரத்த அளவு சிலருக்கு ஏறியதால் ஆய்வையே இடையில் நிறுத்தினார்கள். ஆகவே 'டபுள் பவர்', 'மெகா' என்று எழுதிய போத்தல்களை வாங்கவேண்டாம். இரத்தச் சோதனையில் குறை தெரிந்து வைத்தியர் எழுதித் தந்தால் எடுங்கள்.

எழுதித் தந்தாலும் ஒரு விஷயம் கட்டாயம் தெரியவேண்டும். கல்சியம், இரும்பு, சிங்க் உள்ள குளிசையும், நெஞ்செரிவுக்குக் குடிக்கிற மக்னீசியம், அலுமினியம் கலந்த மருந்தும் டொலுடெக்ரவிரைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். மருந்து இரத்தத்துக்குப் போய்ச் சேர்வது குறைந்துவிடும். குளிசையைத் தவறாமல் விழுங்கியும் மருந்து முழுதாக வேலை செய்யாமல் போகிற வழி இது. டொலுடெக்ரவிரை முதலில் எடுத்தால் இரண்டு மணித்தியாலம் கழித்து மற்றதை எடுக்கலாம். மற்றதை முதலில் எடுத்துவிட்டால் ஆறு மணித்தியாலம் பொறுக்கவேண்டும். கல்சியத்துக்கும் இரும்புக்கும் ஒரு சலுகை உண்டு: சாப்பாட்டோடு என்றால் இரண்டையும் ஒன்றாகவே எடுக்கலாம். நெஞ்செரிவு மருந்துக்கு அந்தச் சலுகை கிடையாது. பால் தேத்தண்ணிக்கும் முருங்கையிலை வறைக்கும் பயப்படத் தேவையில்லை, சாதாரண சாப்பாட்டில் இருக்கும் அளவு பெரிய விஷயமில்லை.

சலரோகத்துக்கு மெற்போமின் எடுப்பவர்களும் கவனிக்கவேண்டும். டொலுடெக்ரவிர் மெற்போமினின் அளவை இரத்தத்தில் கூட்டும். இரண்டும் சேரும்போது மெற்போமின் பொதுவாக ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டவிடுவதில்லை. சலரோகக் கிளினிக் வைத்தியருக்கு எச்.ஐ.வி பற்றித் தெரியாது என்றால் இந்தக் கணக்கை யாரும் போடமாட்டார்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால், சலரோகக் குளிசைக் கொப்பியை எச்.ஐ.வி கிளினிக்கில் காட்டுங்கள்.

ஜிம்முக்குப் போகும் இளம் பொடியளுக்கும் ஒரு வார்த்தை. கிரியட்டின் மா எடுக்கிறீர்கள் என்றால் இரத்தம் கொடுக்கும்போது சொல்லிவிடுங்கள். சிறுநீரகத்தைப் பார்க்கும் கிரியட்டினின் அளவை டொலுடெக்ரவிரும் கொஞ்சம் உயர்த்தும், அந்த மாவும் உயர்த்தும். எச்.ஐ.வி கூட்டுக் குளிசையில் வழக்கமாக இருக்கும் டெனோபொவிர் என்ற இன்னொரு மருந்துக்கோ சிறுநீரகத்தை உண்மையாகவே கவனிக்கவேண்டும். மூன்றும் கலந்தால் ரிப்போட்டைப் பார்க்கிறவர் குழம்பிப்போவார்.

லேகியம், கசாயம்

இதில் நான் நீட்டப்போவதில்லை. சித்த மருத்துவத்தை மதிக்கிற ஊர் எங்களுடையது, கைதடியில் பல்கலைக்கழக மட்டத்தில் படிப்பிக்கிறார்கள். வல்லாரைச் சம்பலும் தூதுவளை ரசமும் சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடுங்கள். பிரச்சினை அதையே செறிவாக்கி, 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று போத்தலில் விற்கும்போதுதான் வருகிறது. சீந்தில் உதாரணம்: கொரோனாக் காலத்தில் பலரும் அதைக் குடித்தார்கள். குடித்தவர்களில் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதை மும்பை வைத்தியர்கள் 2021 இல் எழுதி வெளியிட்டார்கள். எச்.ஐ.வியோடு ஹெப்படைட்டிஸ் பியும் இருப்பவருக்கு ஈரலோடு விளையாட இடமே இல்லை. எச்.ஐ.வியை மாற்றித் தருகிறேன், குளிசையை நிறுத்து என்று எவராவது சொன்னால் அந்தப் படலையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். எதிர்ப்புச் சக்தியின் கணக்கான சீடீ4 ஏறுவது வைரஸ் அடங்குவதால், அதை அடக்குவது அந்தக் குளிசை.

சந்தை

இனி மீனுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு புரதத்துக்குப் பாமசி தேடுவது எனக்கு விளங்காத விஷயம். பாசையூரிலோ குருநகரிலோ விடியப் போனால் விளைமீனுக்கும் பாரைக்கும் விலை கேட்டுத் தலைசுற்றும், உண்மை. ஆனால் பக்கத்திலேயே சூடையும் கீரியும் நெத்தலியும் குவிந்து கிடக்கும். சத்துக் கணக்கில் சின்ன மீன் பெரிய மீனுக்குக் குறைந்ததல்ல. 100 கிராமுக்கு 18 முதல் 20 கிராம் புரதம், ஒமேகா 3 கொழுப்பு. நெத்தலியை முள்ளோடு பொரித்துக் கடித்தால் கல்சியமும் சேர்ந்து வரும், டெனோபொவிர் எடுப்பவரின் எலும்புக்கு அது நல்லது. நெத்தலிக் கருவாட்டில் புரதம் இன்னும் செறிவு, உப்பும் அப்படியே. பிரஷர் இருப்பவர் வெந்நீரில் ஊறவைத்துக் கழுவிவிட்டுச் சமைக்கவேண்டும்.

மரக்கறிப் பக்கம் பயறு, கௌப்பி, உழுந்து, பருப்பு எல்லாவற்றிலும் 100 கிராமுக்கு 24 கிராம் அளவு புரதம். சோயாமீட்டில் பாதிக்குக் கிட்டப் புரதம். குரக்கனில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவு கல்சியம், அரிசியில் அதில் ஒரு துளிதான். எள்ளுருண்டையில் கல்சியம், இரும்பு, கொழுப்பு மூன்றும் இருக்கிறது, நிறை குறைந்தவருக்கு அது டின்னைவிட நல்ல தீனி. முருங்கையிலையைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எங்கள் வளவுகளில் அது வேலிக்கே வளர்கிறது, காயைப் பறித்துவிட்டு இலையை ஆட்டுக்குப் போடுகிறோம்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீட்டில் மச்சம் இல்லை என்றால் என்ன செய்வது? இந்த இடத்தில்தான் பலருக்குப் புரதம் சரிகிறது. கத்தரிக்காய்க் குழம்பும் சொதியும் மட்டும் போட்டு மாதத்தை ஓட்டிவிடுவார்கள். காலையில் அவித்த கௌப்பியோ பயறோ, மத்தியானம் கட்டிப் பருப்பும் தயிரும், பின்னேரம் உழுத்தம் மாக் களி என்று வைத்தால் குறை தெரியாது. கந்தசஷ்டி மாதிரி விரதத்திலும் குளிசையை விடக்கூடாது. டொலுடெக்ரவிரைச் சாப்பாடு இல்லாமலும் எடுக்கலாம், ஒரு மிடறு தண்ணீர் போதும். பழைய எபவிரென்ஸ் குளிசையில் இருப்பவர் இரவு படுக்கப்போகும்போது வெறும் வயிற்றில் எடுப்பதுதான் நல்லது. கொழுப்பான சாப்பாட்டோடு எடுத்தால் தலைசுற்றும் கனவுத் தொல்லையும் கூடும்.

ஒரே பானையில் எல்லாம் வேண்டும் என்றால் ஒடியற்கூழ். ஒடியல் மாவின் சக்தி, அதற்குள் மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, கீரை. யாருக்குக் கூடுதலாகத் தேவையோ அவருக்கு அடியில் கிடக்கும் மீன் துண்டை அள்ளி வார்த்தால் சரி, பக்கத்தில் இருப்பவர் கவனிக்கப்போவதில்லை. நிலை தெரிந்த வீடுகளுக்கும் இதில் ஒன்று சொல்லவேண்டும். அவருக்கென்று தனிக் கோப்பை, தனித் தட்டு வைப்பதை விட்டுவிடுங்கள். எச்.ஐ.வி கோப்பையாலும் பங்குபோட்ட கூழாலும் தொற்றாது. தனியே இருந்து சாப்பிடுகிறவர் குறைவாகத்தான் சாப்பிடுவார், கணக்குப் போட்டு வாங்கிய மீன் தட்டில் மிஞ்சும்.

சந்தைத் தெரிவிலும் ஆபத்து இருக்கிறது. சாமத்தியப்பட்ட பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்துப் பழகிய ஊர் இது. பெலவீனமானவர் யாரைக் கண்டாலும் பெரியாக்கள் அதைத்தான் சொல்வார்கள். சீடீ4 குறைந்தவருக்கு, குறிப்பாக 200க்குக் கீழே இருப்பவருக்கு, பச்சை முட்டையும் அரை அவியலும் கூடாது. சல்மொனெல்லா கிருமி அவரைப் படுக்கையில் போட்டுவிடும். நல்லெண்ணெய் இருக்கட்டும், முட்டையை மஞ்சள் கரு இறுகும்வரை அவியுங்கள். கிணற்றுத் தண்ணீரும் அப்படித்தான். ஒரு நிமிடம் நன்றாகக் கொதித்தால் வயிற்றோட்டக் கிருமிகள் சாகும், குளோரினுக்குச் சாகாத கிரிப்டோஸ்போரிடியமும் அதில் அடங்கும். வலிகாமத்துக் கிணறுகளில் இருக்கிற நைத்திரேற்றுக்கு மட்டும் கொதிக்கவைப்பது மருந்தல்ல, அதை நீக்க வேறு வழி வேண்டும்.

எந்தத் தெரிவும் பொருந்தாத நேரம்

நன்றாகச் சாப்பிட்டும் நிறை இறங்குகிறது என்றால் டின்னா மீனா என்ற கேள்வியை அன்றோடு நிறுத்திவிடுங்கள். இருமல், காய்ச்சல், இரவில் வேர்ப்பது, நிறை குறைவது என்ற நாலில் ஒன்று இருந்தாலே காசநோய்க்குச் சோதிக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மாதம் ஒரு நாள், ஒரே தராசில், ஒரே நேரத்தில் நிறை பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். 60 கிலோவில் இருந்தவர் முயற்சி எதுவும் இல்லாமல் 54க்கு வந்தால் அது பத்து வீதம். அவ்வளவு தூரம் விடவே கூடாது, இரண்டு மூன்று கிலோ இறங்கும்போதே அடுத்த திகதிக்குக் காத்திராமல் கிளினிக்குக்குப் போகவேண்டும். அந்த நேரத்தில் சத்து மா வாங்கிக் கொடுத்துப் பார்க்கலாம் என்று இரண்டு மாதம் கடத்துவதுதான் இந்த விஷயத்தில் நடக்கக்கூடிய மிக மோசமான செலவு.

பிள்ளைகளுக்கு மேலே சொன்ன கணக்கு ஒத்துவராது. நிறை குறைந்த பிள்ளைக்குச் சக்தித் தேவை 50 முதல் 100 வீதம்வரை கூடும், அதை வீட்டிலேயே தீர்மானிக்க முடியாது.

கர்ப்பிணித் தாய்மாருக்குப் பாதி வேலையை அரசாங்கம் செய்கிறது. எம்.ஓ.எச். கிளினிக்கில் திரிபோஷ கிடைக்கும். சோளம், சோயா, பால்மா கலந்த அது ஊரில் இருக்கும் மற்றக் கர்ப்பிணிகளுக்கும் போவதால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். 2019 டிசம்பரில் தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி தொற்றுவதை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனம் இலங்கையை உறுதிப்படுத்தியது, ஆகவே குளிசையை விடாமல் எடுக்கும் தாய்க்குப் பிள்ளையைப் பற்றிப் பெரிதாகப் பயம் வேண்டாம். பிறந்த பிறகு எந்தப் பால் என்பதை மட்டும் பிரசவத்துக்கு முன்பே எச்.ஐ.வி கிளினிக்கில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அதே எம்.ஓ.எச். கிளினிக்கில் இரும்புக் குளிசையும் கல்சியமும் தருவார்கள், அவை டொலுடெக்ரவிரைப் பிடித்துக்கொள்ளும் அதே சாமான்கள். காலைச் சாப்பாட்டோடு கல்சியம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரும்பு, இரவு ஒன்பது மணிக்கு டொலுடெக்ரவிர் என்று பிரித்துவிட்டால் ஆறு மணித்தியாலம் தாராளமாகக் கிடைக்கும். குடும்பநல உத்தியோகத்தரிடம் காரணம் சொல்லவும் தேவையில்லை.